ஈரத்தில் சலித்த போல்டு

கொச்சிக்கு அனுப்பிய எட்டு மூட்டை ஏலக்காயும் திரும்பி வந்தபோது, நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குக் கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கூடவே ஒரு சீட்டு வந்தது. சரக்கு போல்டு இல்லையாம்.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போல்டு என்றால் தைரியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அச்சாபீஸில் தடித்த எழுத்துக்கு அந்தப் பெயர். ஆதியில் துணிச்சலைக் குறித்த சொல், எடுப்பாகக் கண்ணில் படுவதற்கும் ஆகி, அப்படியே பருமனுக்கு வந்து சேர்ந்தது என்று பின்னாளில் ஒரு காலேஜ் வாத்தியார் சொன்னார். வெள்ளைக்கார எஸ்டேட்காரன் விட்டுப்போனது என்பது எங்கள் கடைவீதியின் கட்சி. எப்படியோ, எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். ஏழு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கீழே விழாமல் நிற்கிற காய் போல்டு. அதுவும் நன்றாகக் காய்ந்த காயாக இருக்க வேண்டும். ஏலக்காய் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும்.

அது எனக்குத் தெரியாது. காய் சலிப்பவர்களுக்குத் தலைமை வெள்ளையம்மாக்கா, பதினைந்து வருஷ அனுபவம். ஆடிச் சாரல் அடித்த அன்று, வெயில் பார்த்துச் சலிப்போம் என்று சொன்னார். லாரி நிற்கிறது என்று நான் அவசரப்படுத்தினேன். அன்று சல்லடையில் போல்டு குவிந்தது. முதலாளி என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்.

கொச்சிக்குப் போய்க் காய்ந்ததும் பாதிக் காய் அதே ஏழு மில்லியில் விழுந்துவிட்டது. முதலாளிக்குச் சந்தேகம் அக்காமேல் போனது. எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏத்தா, பொடிக்காயக் கலந்தது நீதான? நாளையிலருந்து இங்கன வராத."

கலப்படம் என்ற பேரோடு வெளியே போனால் போடியில் ஒரு கடையும் அவரைச் சேர்க்காது. அக்கா கலக்கவில்லை என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலையும் போய்விடுமே என்றுதான் நினைத்தேன், வேறு நல்ல நினைப்பு எதுவும் வரவில்லை. அவர் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சோற்று வாளியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்.

"முதலாளி, அக்கா வெயில் வரட்டும்னுதான் சொன்னாக. ஈரத்துல சலிக்கச் சொன்னது நான்."

முதலாளி ஒரு பிடி காயை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டிப் பார்த்தார். கீழே விழுந்தது பொடிக்காய் இல்லை, காய்ந்து சுருங்கி மயிரிழையில் தவறிய காய். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"இத நீ ஏன்த்தா சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா?"

உள்ளே வரும்படி முதலாளி கையைக் காட்டினார். அக்கா உள்ளே வந்து முறத்தை எடுத்தார். எட்டு மூட்டையையும் அவிழ்த்து, வெயிலில் கொட்டிக் காயவைத்து மறுபடி சலித்தோம். மூட்டைகளை நானே சுமந்தேன்.

காயாத சரக்கை அளக்காதே, சலிக்கிறவர் சொல்லைத் தட்டாதே என்று எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அக்கா வாசலுக்கு நடந்துபோகும்வரை நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.