பெரட்டு முடிந்த பிறகு

இந்த ஊரில் தாமதமாக வருகிறவனுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். இதை நம்புவதற்குள் எனக்கு ஐந்து வகுப்புகள் போய்விட்டன. அயர்லாந்தின் வடக்கே ஒரு காளான் பண்ணையில் வேலை செய்கிறேன். வெயிலும் மழையும் படாத நீளமான அறைகள். தேயிலை மலையைப் போல அட்டை கடிக்காது, முதுகில் பாரம் இல்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு ஊர் நூலகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஆங்கில வகுப்பு உண்டு. பண்ணையில் என்னைக் கடைசி அறைக்கு மாற்றியதிலிருந்து நூலக வாசலுக்கு நான் வந்துசேர ஆறு பத்தாகிவிடும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் ஆசிரியை மோரா பேர்ப் பதிவை மூடிவிட்டுப் பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். நான் திரும்பி நடந்துவிடுவேன். பெரிய வருத்தம் கூட இல்லை. நேரம் தவறிவிட்டது, இன்றைக்குப் பேர் இல்லை என்று பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்பேன்.

இலங்கையில் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் களத்தில் வந்து நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு இன்ன மலைக்குப் போ என்று அனுப்புவார். பேர் விழுந்தால்தான் அது வேலை நாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நானும் அங்கே பேர் பதிந்தேன். ஒரு நாள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒன்றேயான பீலியில் தண்ணீருக்கு நின்று நேரமாகிவிட, ஓடித்தான் போனேன். கணக்கப்பிள்ளை பேர் எழுதும் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பெரட்டு முடிஞ்சிருச்சு. போய்த் தூங்கு, நாளைக்கு வா” என்றார். எதிர்த்துப் பேசினால் நாளைய பேரும் போகும். அந்தத் தோட்டத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். பிறகு கொழும்பில் ஹோட்டல் சமையலறை, கத்தாரில் கட்டட வேலை, கடைசியில் இந்தக் காளான். ஓரிடத்தில் இருக்காத கால் எனக்கு. ஆனால் மூடிய பதிவுப் புத்தகத்தைக் கண்டால் அந்தக் கால் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

ஆறாவது வாரம் வகுப்பிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பண்ணையில் மேற்பார்வை வேலைக்கு என்னைப் பார்ப்பார்கள். அந்த வேலை கிடைத்தால்தான் மனைவி சரசுவையும் மகளையும் இங்கே கூப்பிட விண்ணப்பிக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரசுவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“உள்ள போயி கேட்டீங்களா?” என்றாள்.

“பேர் கூப்பிட்டு முடிஞ்ச பொறகு யாரு உள்ள விடுவா?”

“ஏங்க, அது என்ன பெரட்டுக் களமா? அந்தம்மா என்ன கணக்கப்புள்ளையா? அஞ்சு நாளா கதவைப் பாத்துட்டு வந்திருக்கீங்களே, அந்தக் கதவாவது இங்கிலீசு படிச்சிருக்குமா?” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “புள்ள வாசல்ல நின்னு திரும்பி வர்றவளா வளரக்கூடாதுங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் ஆறு பத்துதான். மழை. இந்த முறை நான் திரும்பவில்லை, உள்ளேயும் போகவில்லை. மோரா கதவைத் திறந்துகொண்டு வந்தார். “ஐ லேட். ஐ கோ?” என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் வகுப்பை விட்டே போகிறேன் என்று நினைத்துவிட்டார். தன் வகுப்பில் யாராவது என்னைப் புண்படுத்தினார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, புக் குளோஸ், புக் குளோஸ் என்று நான் கையால் மூடிக்காட்ட, அவர் உள்ளே மேசையில் மூடிக் கிடந்த பதிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் ஈரச் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பதிவைத் திறந்து, என் கண்முன்னாலேயே பேருக்கு நேரே அடையாளம் போட்டார். கதவுப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்ததாம்.

போன ஐந்து வகுப்புகளுக்கும் ஈடாக ஐந்து சனிக்கிழமை காலை நூலகத்துக்கு வரச் சொன்னார். அவருக்கு அது ஓய்வு நாள். ஆங்கில வினைச்சொல்லை மாற்றி மாற்றிச் சொல்வது எனக்குப் புதிதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு தவணை வந்துபோன ஆசிரியர் ஒருவர் வோக், வோக்ஸ், வோக்ட், வோக்கிங் என்று பாட்டாகவே சொல்ல வைத்திருந்தார். யார் நடந்தார்கள், எப்போது நடந்தார்கள் என்று அந்தப் பாட்டில் எதுவும் இல்லை. அதனால் பாட்டு மனப்பாடம், பேச்சு பூச்சியம். மோரா என் தொழிலையே எடுத்துக்கொண்டார்: பறிப்பதற்கு ‘பிக்’. நான் சொல்லச் சொல்ல எல்லாம் பிக்தான். செத்துப்போன அம்மாவும் பிக், சரசுவும் பிக், நானும் பிக். அவர் ஒரு தாளில் கோடு போட்டு வரிக்கு ஓர் ஆளை உட்கார வைத்தார். ‘பிக்ட்’ வரியில் அம்மா. இன்றைக்கும் மலைக்குப் போகிற சரசு ‘பிக்ஸ்’ வரியில். எனக்கு இரண்டு வரி: தேயிலைக் கொழுந்துக்கு ஒன்று, காளானுக்கு ஒன்று. எதிர்காலத்துக்கு வந்ததும் மகள் பேரைக் கேட்டு எழுதப்போனார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். “நோ பிக்” என்றேன். பிழையான ஆங்கிலம். அவர் திருத்தவில்லை. அந்த வரியை வெறுமையாகவே விட்டார்.

பரீட்சையில் தேறினேன். மேற்பார்வை வேலையும் கிடைத்துவிட்டது. சரசுவுக்கும் மகளுக்குமான காகிதங்கள் கொடுத்தாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறோம். மோராவுக்கு ஊரிலிருந்து வந்த தேயிலையில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

இப்போது காலை ஏழு மணிக்குக் காளான் அறை வாசலில் பேர் கூப்பிடுகிறவன் நான். கூப்பிட்டு முடித்ததும் பதிவை மூடாமல் பத்து நிமிடம் திறந்தபடி கையில் வைத்திருப்பேன். இங்கே குளிர்காலத்து ஏழு மணி என்றால் பொகவந்தலாவையில் பகல் பன்னிரண்டரை. கொழுந்து நிறுக்கிற நேரம். தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் சரசுவின் பேரை அங்கே யாரோ கூப்பிடுவார்கள். அவள் குரல் கொடுப்பாள். நான் இங்கே திறந்த பதிவோடு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.