குருநகர் ஜெட்டியில் கடைசிப் படம்

குருநகர் ஜெட்டியின் நுனியில் முக்காலியை நிறுத்தி, கேமராவைத் திருப்பித் திருப்பிப் படமெடுக்கிறேன். கடல், படகுகள், தலைக்கு மேல் வானம் எல்லாவற்றையும் பிறகு கணினியில் இணைத்தால் எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய ஒரே உருண்டைப் படமாகிவிடும். முக்காலி மறைத்த தரை மட்டும் மிச்சம். முக்காலியை விலக்கிவிட்டு, கேமராவை அதே இடத்துக்கு மேலே நீட்டிப் பிடித்து, நேர் கீழே எடுக்க வேண்டும். நான் நிற்க விளிம்பில்தான் இடம் இருக்கிறது.

சாய்ந்ததும் காற்று தள்ளுகிறது. கால் வழுக்குகிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு கை என் பெல்ட்டை இறுகப் பற்றுகிறது. பக்கத்துப் படகில் எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்த மீனவர் ஜெட்டிக்கு ஏறி வந்திருக்கிறார்.

"தம்பி, சோழகக் காத்து பலமா அடிக்குது. உப்பிடி நிண்டா கடலுக்கைதான் விழுவியள்."

"இன்னும் ஒரே படம்தாண்ணே."

"சரி, நான் பிடிக்கிறன். பயப்பிடாமல் எடுங்கோ."

எடுத்ததும் திரையைக் காட்டுகிறேன். சிமெந்துத் தரையின் ஓரத்தில் அவருடைய வெறும் கால்கள்.

"ஐயோ, என்ரை கால் விழுந்திட்டுதே! திரும்ப எடுங்கோ."

"இருக்கட்டும்ணே. ரொம்ப நன்றி."

சிரித்தபடி எஞ்சினிடம் திரும்பிப் போகிறார். படத்தில் விழும் கால்களை அழித்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இந்தக் கால்களை நான் அழிக்கப் போவதில்லை. நனையாத சட்டையோடு இங்கே நிற்கிறேன் என்றால், அவை ஊன்றி நின்றதால்தான்.