கண்மாய்க்குப் போன தீர்த்தம்

விளாங்குடியைத் தாண்டி மேற்கே வயலும் வாழையுமாகக் கிடக்கிற ஊர்களில் தமிழ்ச்செல்வி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ட்ரோன்காரம்மா என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டு வாசலிலேயே விட்டுவிடுவார்கள்.

நாற்று நட்ட கைதான் அது. மகளிர் குழு வழியாகப் பயிற்சிக்குப் போனாள். ரிமோட்டைப் பிடிக்கப் பயந்தாள், பிறகு பழகிக்கொண்டாள். மருந்து தெளிக்கிற ட்ரோன் ஒன்று அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதற்கு ஆறு கை. ஒவ்வொரு கை நுனியிலும் சுற்றுகிற றெக்கை, வயிற்றில் டேங்க். அவள் அதை வண்டி என்றுதான் சொல்லுவாள். வெள்ளிக்கிழமையானால் றெக்கை ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும், அடிக்கட்டையை ஒட்டிச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டாமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டாள்.

அதற்காகச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று அசட்டையாக இருக்கிறவளும் இல்லை. ஒருமுறை காற்றுச் சுழற்றி வண்டி கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கிணற்றுக்குள் போயிருக்கும். இன்னொரு முறை மின்கம்பியை உரசப் பார்த்து விலகியது. கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் போகிற அவள் புருஷன் அசோக்குமார், "ஒன் வண்டிக்கு ஆயுசு கெட்டிடி, எனக்குத்தான் சந்தேகமா இருக்கு" என்று கேலி பேசுவான். அவளுக்குச் சிரிப்பு வராது. எங்கே எது உரசினாலும் வண்டியை இறக்கி, விளக்குத் திரிக்கு வைத்திருக்கிற பஞ்சில் கொஞ்சம் பிய்த்து, றெக்கையின் மேலும் ஓரத்திலுமாக மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், பஞ்சு அதில் மாட்டிக்கொண்டு இழை விடும். பயிற்சியில் துணியால் துடைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பஞ்சு அவளாகக் கண்டுபிடித்தது.

உள்ளூர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள், வாய்க்கால் ஓரத்து வயலில் தெளித்துக்கொண்டிருந்தபோது தென்னை மட்டை ஒன்றில் வண்டி மோதியது. டப்பென்று சத்தம். வண்டி தலையை ஆட்டி, சுதாரித்துக்கொண்டு நேராக நின்றது. கீழே மருந்து கலக்கிக்கொண்டிருந்த அழகம்மாள் வாளியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். அழகம்மாள் அவளுக்கு மதினி முறை. டேங்க் நிரப்புவதும், ஆளை விலக்குவதும், வாய் ஓயாமல் பேசுவதும் அவள் வேலை.

"ஏத்தா, நாளைக்கு அம்மன் தலைக்கு மேல பறக்க வேண்டியது. இன்னைக்கே மோட்சத்துக்குப் போகப் பாக்குதே!"

"சும்மா இருங்க மதினி. நெஞ்சு படபடங்குது."

யாகசாலைத் தீர்த்தத்தை ட்ரோனில் ஏற்றி ஜனங்கள் மேல் தெளிக்க வேண்டுமென்று கோயில் கமிட்டி முடிவு செய்திருந்தது. மருந்து ஊற்றிய டேங்கில் தீர்த்தமா என்று தமிழ்ச்செல்விதான் முதலில் மறுத்தாள். கமிட்டித் தலைவர் விருமாண்டி புது டேங்கும் புதுக் குழாயும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கறி மீன் சேர்க்காமல் விரதம்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு றெக்கையாகப் பஞ்சை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. பொட்டு இருக்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கி, அதைத் தாண்டி வைத்து, மறுபடி இழுத்தாள். சாமியை நினைத்து வைத்த சந்தனத்தைப் பஞ்சால் வழித்தெடுக்க அவளுக்கு மனசு வராது, அதுவும் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள். பஞ்சில் ஓர் இழைகூட மாட்டவில்லை. அம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். காலையில் பழைய பொட்டின் மேலேயே புதுச் சந்தனம் வைத்தாள்.

கோயில் முன்னால் இருக்கிற பொட்டலில் தலையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கைப்பிள்ளையோடு வந்தவர்கள், தோளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டவர்கள், வாளி ஏந்தி நிற்கிற பெண்கள். கோபுரத்தில் கலசத்துக்கு நீர் ஊற்றினார்கள். குலவைச் சத்தம் எழும்பியது. விருமாண்டி மைக்கில், "இப்ப நம்ம தங்கச்சி தமிழ்ச்செல்வி ஆகாசத்துலருந்து தீர்த்தம் தெளிக்கப் போகுது. யாரும் முண்ட வேண்டாம், எல்லாருக்கும் படும்" என்றார்.

கூட்டத்தை விட்டுத் தள்ளிக் கயிறு கட்டிய இடத்திலிருந்து வண்டி எழும்பியது. கூட்டத்துக்கு மேலே போய்த் தெளிப்பைத் திறந்தாள். தூவானம் மாதிரி இறங்கியது. கை எல்லாம் மேலே போனது. "தாயே, தாயே" என்று அழுதவர்களும் உண்டு. தமிழ்ச்செல்விக்கும் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை.

அப்போதுதான் சத்தம் மாறியது.

வண்டு இரைகிற மாதிரி ஒரே சீராக இருந்த இரைச்சலுக்குள் சடசடவென்று ஒன்று கலந்தது. மேளத்திலும் குலவையிலும் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பக்கத்துக் கை தாழ்ந்து, வண்டி சாய்ந்துகொண்டே நின்றது. டேங்கில் இன்னும் பாதிக்கு மேல் தீர்த்தம். கீழே ஒரு தாய், பிள்ளையின் முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இறக்க இடமில்லை. கயிறு கட்டிய இடத்துக்குத் திருப்பினால் கூட்டத்தின் நடுவில், தலைகளுக்கு மேலேதான் வர வேண்டும். மேற்கே கண்மாய் கிடக்கிறது, தண்ணீர் வற்றி நடுவில் சேறு மட்டும். அங்கே ஆளில்லை. தெளித்துக்கொண்டே போனால் பாரம் குறையும். மிச்சம் இருக்கிற றெக்கைகள் தாங்கும். மூக்கைக் கண்மாய்ப் பக்கம் திருப்பினாள்.

திருப்பியதும் கூட்டமும் திரும்பியது. தீர்த்தம் எங்கே போகிறதோ அங்கே ஓடினார்கள். "இங்கிட்டு படல! இங்கிட்டு படல!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். வண்டி நகர நகர, அதற்கு நேர் கீழே ஜனமும் நகர்ந்தது.

தமிழ்ச்செல்விக்கு விளங்கிவிட்டது. தெளித்தால் பாரம் குறையும், ஜனம் கூடவே வரும். நிறுத்தினால் ஜனம் நின்றுவிடும், வண்டி பாரம் தாங்காமல் விழுந்தாலும் விழும். தாயே என்று ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. தெளிப்பை நிறுத்தினாள்.

பாதிப்பேர் நின்றார்கள். நின்றவர்கள் ஏசினார்கள். "ஏ ட்ரோன்காரம்மா, எங்க பக்கத்துக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?" மீதிப்பேர், அந்தப் பக்கம் போய்த் தெளிக்கப் போகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"மதினி, வண்டி விழப் போகுது! ஓடுறவங்கள நிறுத்துங்க!"

அழகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். விருமாண்டி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"கருடன்! கருடன் வந்துருச்சு! கோபுரத்தப் பாருங்க, கோபுரத்தப் பாருங்க!"

அதை எப்படிச் சொல்வது! ஓடிய ஜனம் கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்றது. மொத்தக் கூட்டமும் முதுகைக் கண்மாய்க்குக் காட்டிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. "எங்கத்தா?" "அந்தா, அந்தா!" கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம்.

அவர்களுக்குப் பின்னால், யாரும் பார்க்காத வானத்தில், வண்டி தள்ளாடித் தள்ளாடிக் கரையைத் தாண்டியது. கருவேல மரத்து உச்சியைத் தொட்டும் தொடாமலும் போனது. தமிழ்ச்செல்வி கூடவே ஓடினாள், ரிமோட்டை மார்போடு அணைத்து, செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு. கரையில் அவள் ஏறவும், மேலே டக்கென்று ஏதோ முறிந்து வண்டி கல் மாதிரி இறங்கிச் சேற்றில் பொதக்கென்று விழவும் சரியாக இருந்தது.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்ல எழுந்து சேற்றில் இறங்கினாள். றெக்கை எல்லாம் அசையாமல் நின்ற பிறகுதான் கிட்டே போய்ப் பேட்டரியைக் கழற்றினாள்.

ஒரு றெக்கை இரண்டாக முறிந்திருந்தது. அடிக்கட்டையில் பாதிப் பொட்டு. முறிந்து போன நுனியைச் சேற்றுக்குள் தேடி எடுத்தாள். அதில் மீதிப் பொட்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு முழுப் பொட்டு. முறிவு நடுவாகப் போயிருந்தது. முறிந்த வாயில் கொஞ்சம் பழசாக, கறுத்து ஒரு கோடு. தென்னை மட்டை போட்ட கோடு.

சேலைத் தலைப்பைச் சேற்றுப் பள்ளத்தில் ஊறிக் கிடந்த தண்ணீரில் நனைத்தாள். அடுத்த றெக்கையின் பொட்டுக்கு மேலே கை போய் நின்றது. "மன்னிச்சுக்க ஆத்தா" என்று சொல்லித் துடைத்தாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மடியில் முடிந்திருந்த பஞ்சை எடுத்து, துடைத்த இடத்தில் இழுத்தாள். வழுக்கியது, வழுக்கியது. மட்டை பட்ட பக்கத்திலேயே இன்னொரு றெக்கையில் பஞ்சு நின்றுவிட்டது. ஓர் இழை மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

விருமாண்டி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னால் அழகம்மாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல தாயி. திருஷ்டி. இம்புட்டு ஜனம் கண்ணு போட்டா என்ன ஆகும்? பூசணிக்காய் சுத்தி ஒடைச்சிருவோம்."

சரி என்று தலையாட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். ஊரும் அப்படித்தான் பேசியிருக்கும். தமிழ்ச்செல்வி முறிந்த றெக்கையை அவரிடம் நீட்டினாள்.

"திருஷ்டி இல்லண்ணே. நேத்து மட்டையில அடிபட்டுச்சு. பொட்டு வச்ச எடத்த நான் பாக்கல. கலையக் கூடாதுன்னு விட்டுட்டேன். அந்த எடத்துலதான் விட்டிருக்கு."

விருமாண்டி இரண்டு துண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு, "என் பேரப்புள்ள அந்தக் கூட்டத்துலதான் நின்னுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அழகம்மாள்தான் டேங்கைத் தட்டிப் பார்த்தாள். "ஏத்தா, தீர்த்தம் சிந்தல. அப்படியே இருக்கு."

சேற்றில் விழுந்தும் டேங்க் உடையவில்லை. பித்தளைக் குடம் கொண்டுவரச் சொல்லி அதில் ஊற்றினார்கள். தமிழ்ச்செல்வி கால் கையைக் கழுவி, ஒரு கொத்து மாவிலையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். தெளிப்பை நிறுத்தியதற்கு ஏசினார்களே, அந்தப் பக்கம் முதலில் போனாள். ஒவ்வொரு தலையாகத் தெளித்தாள். ஏசியவர்கள் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். முகத்தைத் தூக்கிக் காட்டிய பிள்ளை, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழுதது. அந்த அழுகையை அவள் நின்று கேட்டாள்.

"கருடனப் பாத்தியா தாயி?" என்றாள் அதன் தாய். "மூணு சுத்து சுத்துச்சு. கண்ணாரக் கண்டோம்."

தமிழ்ச்செல்வி திரும்பி அழகம்மாளைப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அழகம்மாள் காதோரம் குனிந்தாள். "சத்தியமா நான் பாக்கலடி. வாயில வந்துச்சு, கத்திட்டேன். வந்திருந்தாலும் வந்திருக்கும், யாரு கண்டா?"

"நான் வண்டியப் பாத்துக்கிட்டிருந்தேங்க்கா" என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு, தமிழ்ச்செல்வி அடுத்த தலைக்கு மாவிலையை நனைத்தாள்.

காளவாசல் பக்கத்துக் கடையில் சொல்லி வைத்து, புது றெக்கைகளை வரவழைத்து மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது அசோக்குமார் எட்டிப் பார்த்தான்.

"என்னடி, றெக்கை மொட்டையா இருக்கு?"

அவள் ரிமோட் பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினாள். அதில் நடுவாக ஒரு பெரிய சந்தனப் பொட்டு. பிறகு பஞ்சைப் பிய்த்து, முதல் றெக்கையின் அடியிலிருந்து இழுக்க ஆரம்பித்தாள்.