சொன்னது சொன்னபடி

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று எனக்கு ஒரு ஐஸ் ஆலையும் நாலு விசைப்படகும் இருக்கின்றன. அறுபது பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். யாருடைய தயவும் இல்லாமல் இந்தக் கைகளால் உண்டாக்கியது. போன மாதம் என் மகள் அந்த அறுபது பேருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தாள். நாகர்கோவிலிலிருந்து ஒரு சார் வந்து, சுவரில் படம் காட்டி, சேர்ந்து வேலை செய்வது எப்படி, தகவலைச் சரியாகச் சொல்வது எப்படி, தலைமை தாங்குவது எப்படி என்று அரைநாள் பேசினார். நடுவில் ஒரு விளையாட்டு. ஒருவன் காதில் சொன்னதை அவன் அடுத்தவன் காதில் சொல்ல வேண்டும். கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது அது வேறாகியிருக்கும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதில் அந்த விளையாட்டை விளையாடி ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தவன் நான்.

அப்போது எங்கள் கரையில் கரைமடிதான் தொழில். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டு, தூரத்தில் மறு முனையோடு கரைக்கு வரும். கிழக்குக் கயிற்றில் முப்பது பேர், மேற்குக் கயிற்றில் முப்பது பேர். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். அலைச் சத்தத்தில் இந்தப் பக்கம் கத்துவது அந்தப் பக்கம் கேட்காது. அதனால் நடுக்கரையில் ஒருவன் நின்று துண்டை வீசி இரு பக்கத்துக்கும் சாடை காட்டுவான்.

மடிவலை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. கிழக்கே அப்பா தலைவர், மேற்கே பெரியப்பா. அந்த வருஷக் கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் தோள் கொடுப்பது யார் என்று இருவருக்கும் தகராறு வந்தது. பெரியப்பாதான் கொடுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. துண்டு வீசுகிறவனை இவர் அவருடைய ஆள் என்றார், அவர் இவருடைய ஆள் என்றார். அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு இருவருக்கும் இடையில் சேதி கொண்டு ஓடியவன் நான்தான்.

நான் வெறுமனே ஓடவில்லை. அங்கேதான் என் மூளை இருந்தது. "அந்த எருமைகிட்ட சொல்லு, கயிறு முந்துதுண்ணு" என்று அப்பா சொல்லி அனுப்புவார். நான் மூச்சு வாங்கப் போய், "பெரியப்பா, கொஞ்சம் பைய இழுக்கணுமாம்" என்பேன். "உனக்க அப்பனுக்கு வேலை தெரியாதுண்ணா வீட்டுல இருக்கச் சொல்லு, அங்க கயிறு தொங்குது" என்பார் பெரியப்பா. நான் திரும்பி வந்து, "அப்பா, இங்கின கொஞ்சம் வலிச்சு இழுக்கணுமாம்" என்பேன். எட்டு மாதம் இப்படி நடந்தது. ஒரு நாள்கூட வலை கோணவில்லை. இரண்டு பெரிய ஆட்களை ஒரு பொடியன் ஏமாற்றி வேலை வாங்குகிறான் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். வசவைச் சொல்லி என் முதுகைத் தள்ளிவிடும்போது சில நாள் அப்பாவின் மீசைக்குள் என்னவோ அசையும். நான் அதைக் கவனித்திருக்கிறேன், யோசித்ததில்லை.

அன்று காலை நான் பிந்திப் போனேன். அப்பா கயிற்றுத் துண்டால் என் காலில் நாலு விளாசு விளாசினார். கிழக்குக் கயிறு முழுக்கச் சிரித்தது. "ராசா உறங்கி எந்திரிச்சு வாறாரு, வழி விடுங்கலே" என்று ஒருத்தன் கும்பிட்டான். அடியைவிட அந்தக் கும்பிடு எரிந்தது. இனிமேல் சொன்னதைச் சொன்னபடியே சொல்லப் போகிறேன், அப்போது தெரியும் என் அருமை என்று நினைத்துக்கொண்டேன்.

வலை பாதி வந்திருக்கும். கிழக்குக் கயிறு கல்லைப் போல நின்றுவிட்டது. அடியில் இருந்த பாரில், கடலுக்குள் மறைந்து கிடக்கும் அந்தப் பாறையில், வலை மாட்டிவிட்டது. பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், எங்கள் பக்கம் ஆள் குறைந்ததால் அன்று கிழக்கே நின்றான். முக்குளிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நீந்திப் போய், கையைத் தூக்கிக் காட்டிவிட்டு முங்கினான். அப்பா உடனே தன் பக்கத்தை நிறுத்திவிட்டு என்னைப் பிடித்து இழுத்தார்.

"ஓடுலே! சப்பரத்துக்கு முன்னால தோள் குடுத்தா மட்டும் போராது, கடல்ல கண்ணும் வேணும்ணு அந்தக் குருடன்கிட்ட சொல்லு. வலை பார்ல மாட்டிக் கெடக்கு. அவனுக்க மவன்தான் உள்ள முங்கியிருக்கான். கயித்த இளக்கச் சொல்லு!"

ஓடினேன். காலை வெயில் கிழக்கேயிருந்து கடலில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மேற்கே நிற்பவர்களுக்குத் தண்ணீரில் ஒரு தலை தெரிய வழியே இல்லை. பெரியப்பா முன் நின்றேன். அப்பா எதை முதலில் சொன்னாரோ அதை நானும் முதலில் சொன்னேன்.

"சப்பரத்துக்கு முன்னால தோள் குடுத்தா மட்டும் போராது, கடல்ல கண்ணும் வேணுமாம். குருடன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

மேற்குக் கயிறு முழுவதும் அதைக் கேட்டது. பெரியப்பாவின் முகம் கறுத்தது. மீதியைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"நமக்குக் கண்ணு இல்லியாம்லே! கை பலத்த காட்டுங்க. இழுங்கலே!"

முப்பது பேரும் ஒரே குரலில் அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். கயிறு விண்ணென்று தெறித்தது. நான் "அண்ணன், அண்ணன்" என்று கத்தினேன். பாட்டில் அது கரைந்தது. பெரியப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு உதறலில் நான் மணலில் கிடந்தேன். தூரத்தில் கிழக்கே அப்பா இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றார். பெரியப்பா பார்க்கவில்லை. எட்டு மாதமாக அவர் அந்தத் திசையைப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு இழுப்புக்கும் வலை பாறையோடு இறுகும். வலைக்கும் பாறைக்கும் நடுவில் அண்ணன் இருக்கிறான்.

மடி இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நடப்பார்கள். நான் எழுந்து ஓடி, கடைசி ஆளின் குதிகாலுக்குப் பின்னால் குறுக்கே விழுந்து கிடந்தேன். அவன் என் மேல் மல்லாந்தான். அவன் மேல் அடுத்தவன். அதற்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். பாட்டு அறுந்தது. கயிறு கடலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"எந்த நாய்க்குப் பிறந்த பயலே நீ..." என்று ஒருவன் என் முடியைப் பிடித்தான். அந்தப் பிடியிலேயே மீதிச் சேதியைக் கத்தினேன்.

"வலை பார்ல கெடக்கு! அண்ணன் உள்ள முங்கியிருக்கான்! கயித்த இளக்கணும்!"

பெரியப்பா கனத்த ஆள். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார். "ஏலே தம்பி! இளக்கியாச்சுலே! புள்ளய பாருலே தம்பி!" என்று அலைக்கு மேலே கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினார். அப்பா அதற்குள் கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்திருந்தார்.

ஒரு அலை வந்து போனது. இரண்டாவது வந்தது. மூன்றாவது அலைக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டு வீட்டுக்கும் சோறு போடும் வலையை அப்பா ஆள் நுழையும் அளவுக்கு அறுத்துவிட்டிருந்தார். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அண்ணனைக் கரையில் போட்டார்கள். அவன் கணுக்காலைச் சுற்றி வலைக் கண்ணி அறுத்த ரத்தக்கோடு. தண்ணீரைக் கக்கினான். பிறகு மூச்சுவிட்டான். அன்றைய மீன் முழுவதும் அந்த ஓட்டை வழியே போய்விட்டது.

மத்தியானம் வலையின் ஓட்டையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மக்கா, இத்தன மாசமா உனக்க அப்பன் இப்படித்தான் சொல்லி விட்டானா?"

"இல்ல பெரியப்பா. இண்ணைக்கு மட்டும்தான்."

அவர் என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. நம்பிவிட்டார், கடைசியிலும் ஏமாற்றிவிட்டேன் என்று நான் வீட்டுக்குக் குதித்துக்கொண்டு போனேன்.

எத்தனையோ பேரை வேலை வாங்கி, எத்தனையோ சண்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. தான் அனுப்பிய வசவு ஒன்றுகூட எட்டு மாதமாகப் போய்ச் சேரவில்லை என்பது பெரியப்பாவுக்குத் தெரியாதா? அப்பாவுக்குத் தெரியாதா? சாடை காட்ட வேறு பொது ஆளா கிடைக்கவில்லை? கயிறு பிடிக்க வயது போதாதவன் என்பதால்தான் என்னை ஓடவிட்டார்கள் என்று அன்று நினைத்தேன். கோபத்தை அவர்கள் என் கையில் கொடுத்து அனுப்பியது, வழியில் நான் அதைக் கீழே போட்டுவிடுவேன் என்று இருவருக்கும் தெரிந்ததால்தான். ஒரே ஒரு நாள் நான் கீழே போடவில்லை.