மெழுகும் செடிலும்

மகள் சமையலறையில் நின்று ஒரு கிரேக்கக் கதையை இத்தாலியனில் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்பார்களாம். சிறையிலிருந்து தப்புவதற்காக ஒரு தகப்பன் இறகுகளை மெழுகால் ஒட்டித் தனக்கும் மகனுக்கும் சிறகு செய்கிறான். மேலே போகாதே, வெயிலில் மெழுகு உருகிவிடும் என்று மகனுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறான். மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பறக்கிற சந்தோசப் புளுகத்தில் மேலே மேலே போய்க் கடலில் விழுந்து சாகிறான். தகப்பன் தனியாக வந்து இறங்கியது எங்கள் சிசிலியில்தானாம்.

என் மனுசன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவன் மெழுகை நம்பினவன். எனக்கு முருகன் இருக்கிறார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு கோயில் திருவிழாவில் அவர் பறவைக் காவடி எடுப்பதாக இருந்தது. முதுகிலும் காலிலும் செடில் என்கிற கொக்கிகளைக் குத்தி, வாகனத்தில் பூட்டிய துலாக் கம்பத்திலிருந்து குப்புறத் தொங்கி வரவேண்டும். நேர்த்திக்கடன் என்றால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். இது போட்டி. போன வருசம் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இருக்கிற ஒருவர் தொங்கி வர, ஊரெல்லாம் அவர் கதைதான். அதற்காக இவர் இரும்புக் குழாயில் அதைவிட உயரமான துலா ஒன்று செய்வித்தார். பல்கனிச் சனத்துக்கும் தெரியவேணுமாம். இவருக்கோ சீனி வருத்தம், நீரிழிவு. குளிசையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால் சீனி இறங்கி மயங்கி விழுவீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விரதத்தை விடமாட்டேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் கோயில் நிர்வாகியிடமே போய்ச் சொன்னேன். முருகன் பார்த்துக்கொள்ளுவார் அக்கா என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிறு, ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை வீதியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவரைத் தூக்கினார்கள். கைகளை விரித்துக்கொண்டு, கீழே நின்ற சனத்துக்கு விபூதி தூவினார். பல்கனிகளில் இத்தாலியர்கள் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அவருடைய கை தொங்கியது. தலையும் தொங்கியது. அருள் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, சனம் அரோகரா போட்டது. மேளக்காரர் இன்னும் வேகமாக அடித்தார்கள். அருள் வந்த ஆள் உதறும், ஆடும். இவர் உடம்பு வாகனம் குலுங்குகிற பக்கமெல்லாம் குலுங்கியது.

கத்தினேன். மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வாகனத்துக்கு முன்னால் பாய்ந்தால் சாரதி சடாரென்று பிரேக் போடுவார், அந்த உலுக்கலில் கொக்கிகள் சதையைப் பிய்த்துவிடும். சாரதியின் பக்கம் ஓடி, கண்ணாடியில் தட்டி, மெதுவாக நிறுத்தும்படி கையால் காட்டினேன். நிறுத்தினார். ஆனால் துலா உயரம். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட முடிந்தது. கெதியாக விடச் சொல்லவும் பயம், சும்மா நிற்கவும் பயம். முருகனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கைக்கு எட்டியதும் பூசைத் தட்டில் இருந்த அபிஷேகத் தேனை விரலில் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவினேன். விரதம் முறியும் என்றார் நிர்வாகி. "முறியட்டும்," என்றேன். "மனுசன் இருந்தால்தானே விரதம்."

கொக்கிகளைக் கழற்றி நிழலில் சரித்துப் படுக்கவைத்தோம். திரும்பத் திரும்பத் தேன் தடவினேன். கனநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"ஆரும் வீடியோ எடுத்தவையோ?" அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதற்கதை.

எனக்குக் கை ஓங்கியேவிட்டது. அதற்குள் மகள் வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். முகமெல்லாம் கண்ணீர், கையில் ஃபோன்.

"நான் எடுத்தனான் அப்பா," என்றாள். "நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சன். எண்டாலும் நிப்பாட்டேல்லை. உங்களுக்கு அதுதானே வேணும்."

ஃபோனை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.