தலை நுழையாத ஜப்லா

எங்கள் பதிப்பகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். பளபளவென்று தாள், முழுக்க வண்ணப் படங்கள், முதல் பக்கத்தில் தாத்தா. ஊரார் புத்தகத்தையெல்லாம் இத்தனை வருஷம் போட்ட வீட்டுக்குத் தன் கதையைப் போட இப்போதுதான் பொழுது விடிந்திருக்கிறது. இன்றைக்கு நிர்வாக இயக்குநராக இருக்கும் சித்தப்பா மகன் போன் பண்ணி, "அக்கா, நீயும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கா. கொஞ்சம் எமோஷனலா இருக்கட்டும்" என்றான். கூடவே, அதுவரை தயாரான பக்கங்களையும் அனுப்பி வைத்தான்.

அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு பழைய நோட்டின் படம். ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே, அதே நோட்டு. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: 'அதிகப் பதிப்புகள் கண்ட எங்கள் தையல் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி. ஒவ்வொரு தாளையும் ஆசிரியரே தன் கையால் தைத்திருப்பது அவரது கலையுணர்வுக்குச் சான்று.'

கலையுணர்வாம்! வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நோட்டு ஏன் தைக்கப்பட்டது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான்.

முதலில் தாத்தாவின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். தாத்தா வாலாஜாபாத் சந்தைக்குச் சைக்கிளில் புத்தகம் கட்டிக்கொண்டு போய் விற்றவர். பிறகு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வாங்கிப் போட்டுத் தானே புத்தகம் போட ஆரம்பித்தார். முதல் புத்தகம் ஊறுகாய் வகைகள். அதை வாங்கிப்போன ஒருவர், ஒரு மாதம் கழித்துப் பூசணம் பூத்த எலுமிச்சங்காய் ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "இத நீயே துன்னுய்யா" என்றாராம். விஷயம் என்னவென்றால், புத்தகத்தில் எலுமிச்சங்காய்க்கு உப்பே எழுதவில்லை. எழுதிய அம்மாளுக்குக் கை தானாக உப்புப் போட்டுப் பழக்கம். அச்சுக் கோத்தவருக்கும், பிழை பார்த்தவருக்கும் ஊறுகாய் தெரியும். விட்டுப்போனதை எல்லோருடைய மனசும் தானே நிரப்பிக்கொண்டுவிட்டது.

அன்றைக்குத் தாத்தா சட்டம் போட்டார். செய்முறைப் புத்தகம் எதுவானாலும், அந்த வேலை துளியும் தெரியாத ஒரு ஆள் இந்த வீட்டில் அதைப் படித்துச் செய்து காட்ட வேண்டும். அதுவரை வேறு யாரும் படிக்கக் கூடாது. எழுதியவர் எதிரில் உட்காரலாம், ஆனால் மூச்சு விடக் கூடாது. வாங்கிப்போகிறவர் வீட்டு அடுப்பங்கரைக்கு எழுதினவர் கூடவா வரப்போகிறார்?

தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் போகவில்லை. வீட்டில் ஒன்றுமே தெரியாத ஆள் யார் என்று தேடினார்கள். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பத்து வயது. மெழுகுவத்தி, தக்காளி ஜாம், காகிதப் பூ என்று நான் பாழாக்காத பொருள் இல்லை, எல்லாம் பதிப்பகத்தின் நன்மைக்காக. வரலாற்றுப் புத்தகம் இதைத் 'தர உறுதிப் பிரிவு' என்கிறது. அந்தப் பிரிவு நான்தான்.

அப்படி இருக்கும்போதுதான் தையல் டீச்சர் வந்தார். ஓரிக்கைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். துணிப்பையில் ஒரு கத்தைத் தாள், மூலையில் ஓட்டை போட்டு டேக் கயிற்றில் கோத்தது. "பதினோரு வருசமா பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்கறேன் சார். எல்லாம் என் நோட்டைப் பாத்து எழுதிக்கினே இருக்குதுங்க, பாவம், கை ஒடியுது. புத்தகமா இருந்தா நல்லா இருக்கும். மெட்ராஸ்ல ரெண்டு இடத்துல பிரிச்சே பாக்காம திருப்பிட்டாங்க. இங்கயும் இல்லன்னா இதோட விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

பெரியப்பாதான் அப்போது நிர்வாகம். "ஓரிக்கையில எந்தத் தெரும்மா?" என்று கேட்டார். டீச்சர் நிமிர்ந்து பார்த்துத் தெருவின் பெயரைச் சொன்னார். பெரியப்பா "ஓ" என்றார். நீட்டிய தாள்களைக் கையில் வாங்காமல், "அந்தாண்ட வைங்க" என்று மேஜையின் ஓரத்தைக் காட்டினார். பெரியப்பா கையில் மை ஒட்டியிருக்கிறதோ என்று பார்த்தேன். ஒட்டியிருக்கவில்லை. அப்பா எழுந்து வந்து அந்தத் தாள்களை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, பாப்பா செஞ்சு பாக்கட்டும்" என்றார்.

முதல் பாடம் ஜப்லா, கைக்குழந்தைக்குப் போடும் குட்டிச் சட்டை. பாடத்தைப் படிப்பதற்கு முன்னால் நான் படம்தான் பார்த்தேன். தவழ்ந்து போகிற ஒரு குழந்தை, முதுகு நம் பக்கம், முகம் மட்டும் திரும்பி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. பென்சில் படம். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் காட்டிவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிடலாம் என்று டேக்கை அவிழ்த்து அந்த ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டேன். ஆண்டவன் அறிய, அதற்குமேல் எனக்கு வேறு எண்ணம் இல்லை.

தோழிகளிடம் காட்டும்போது டிராயிங் மிஸ் எட்டிப் பார்த்தார். "நீயா வரைஞ்ச?" என்று கேட்டார். தலை தானாக ஆடிவிட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தவர், பின்பக்கம் எழுத்தாக இருந்ததைக் கண்டு, "உங்க வீட்டு வேஸ்ட் பேப்பரா?" என்றார். அச்சாபீஸ் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்கு வெள்ளைத் தாளில் வரைந்திருக்கிறோம்? அதற்கும் தலை ஆடியது. அவ்வளவுதான். படம் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை, வாயைத் திறக்க முடியவில்லை.

ஒரு தாள்தானே, போனால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மிச்சத் தாள்களை டேக்கில் கோத்தேன். டீச்சர் பக்க எண் போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து வீடே கூடத்தில் கூடியது. சித்தியின் மடியில் எட்டு மாதத் தம்பி, அவனுக்குத்தான் சட்டை. பெரியப்பா நாற்காலியில். டீச்சர் எனக்கு எதிரில் பாயில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். நான் தாளைப் பார்த்து அளவெடுத்தேன், துணியை நாலாக மடித்தேன், கழுத்தையும் கையையும் வெட்டினேன். வெட்டு சுத்தமாக வந்தது. டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு அரும்பியது. நான் தாளைத் திருப்பினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண் தாளிலிருந்து என் முகத்துக்கு வந்தது. ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பெரியப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "பேசக் கூடாதும்மா. சட்டம்." டீச்சர் வாயை மூடிக்கொண்டார். ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது. எப்படியோ தைத்து முடித்தேன்.

சித்தி ஜப்லாவைத் தம்பி தலையில் மாட்டினார். நெற்றி வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது. சித்தி இழுத்தார். தம்பி வீல் என்று கத்தினான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இன்றைக்கு ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற எங்கள் நிர்வாக இயக்குநர், அன்றைக்குத் தலையில் துணி மாட்டிக்கொண்டு மூக்கு ஒழுக அலறினார் என்பதை வரலாற்றில் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் அப்பா கத்தரிக்கோலை எடுத்து வெட்டித்தான் தலையை மீட்டார்.

"ஜப்லாக்குப் பின்னாடி திறப்பு வெச்சி நாடா கட்டுவாங்களே, அது எங்க?" என்றார் சித்தி.

அப்பா எடுத்துக் கொடுத்த தாள்களைப் பெரியப்பா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எங்கயுமே எழுதலியேம்மா. கைக்கொழந்த வெச்சிருக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். இது கூடத் தெரியாமலா பதினோரு வருசம் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார். சொல்லிவிட்டுத் தாள்களைப் பாயில் போட்டார். "சட்டப்படி இப்ப நீங்க பேசலாம். சொல்றதுக்கு எதுனா இருக்குதா?"

டீச்சர் தாள்களை எடுத்து அடுக்கினார். டேக் முடிச்சைப் பார்த்தார். அது அவர் போட்ட முடிச்சு இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், நான் செத்தேன்.

"எழுதறப்போ விட்டுப்போச்சு சார்" என்றார் டீச்சர். "என் தப்புதான். திரும்ப எழுதிக்கினு வரேன்."

அப்பாடா, அவருக்கே ஞாபகம் இல்லை, பிழைத்தேன் என்று நினைத்தேன்! சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பா "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அப்பா விடவில்லை. "ஒரு வாட்டி தோத்தா இன்னொரு வாட்டி உண்டுன்றதும் நம்ம அப்பா போட்ட சட்டம்தாண்ணா. ஜாம் எத்தினி வாட்டி தீய்ஞ்சிது?" என்றார். டீச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருஷத்து உழைப்பு, அவருக்கு மிச்சமிருந்த ஒரே கதவு. எல்லாவற்றையும் ஒரு திருட்டுப் பிள்ளைக்காகப் பாயில் வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டுப் பெண்தான் தாளை எடுத்தாள் என்று அந்தத் தெருவிலிருந்து வந்தவர் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்பதும் பின்னாளில் உறைத்தது. ஆனால் நம்பவைக்க அவர் முயன்றுகூடப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு எது தெரியாவிட்டாலும், நான் எடுத்தேன் என்பதும் அவர் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். இந்தத் தடவை கத்தைத் தாள் இல்லை, நோட்டு. முதுகில் சிவப்புப் பட்டு நூலால் தாள் தாளாகப் பிடித்து, நெருக்கமாகத் தைத்திருந்தார். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் பாய், மறுபடியும் வாய் மூடிய டீச்சர். அதற்குள் தம்பி தலை இன்னும் பெருத்திருந்தது. சித்தி பயந்துகொண்டே மாட்டினார். பின்பக்கத் திறப்பு விரிந்து கொடுத்தது. தலை போன வேகத்தில் தம்பிக்கே ஆச்சரியம். நாடாவை முடிந்துவிட்டதும், நேராகப் பெரியப்பாவிடம் தவழ்ந்து போய், அவர் தூக்கி மடியில் வைக்க, வெள்ளை வேட்டியை நனைத்தான்.

வீடே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். வேட்டியை உதறிக்கொண்டே, "நோட்ட குடுங்கம்மா" என்று டீச்சரிடம் கையை நீட்டி வாங்கினார். "அட்டையில பேரு எப்டிப் போடணும்?"

டீச்சர் முழுப் பெயரையும் சொன்னார். "உள்ள விலாசமும் போடுவீங்கல்ல சார்? தெருப் பேரும் சேத்துப் போட்டுடுங்க" என்றார். ஏனோ எல்லோரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். பெரியப்பா நோட்டைப் பிரித்து, மறுபடி மூடினார். பிறகு, "போட்டுடலாம்மா" என்றார். 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. இன்றுவரை எல்லாப் பதிப்பிலும் அந்தத் தெருவின் பெயர் இருக்கிறது.

பெரியப்பா வேட்டி மாற்றப் போனார். மற்றவர்களும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட, கூடத்தில் நானும் டீச்சரும் நோட்டும் மட்டும் இருந்தோம். டீச்சர் துணித் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பிரித்தேன். அதே படம், அதே தவழும் குழந்தை, முன்னைவிட அழகாக. அவர் பார்க்காத நேரம் பார்த்துத் தாளின் ஓரத்தை லேசாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ம்ஹூம்.

"ஏன் டீச்சர் இத தெச்சி வெச்சிருக்கீங்க?"

"டேக்ல கோத்தா காத்துல ஒண்ணு ரெண்டு பறந்துடுது பாப்பா" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

பிறகு பையிலிருந்து ஒரு தனித் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். அதிலும் அந்தக் குழந்தை, இதற்கு வண்ணமும் தீட்டியிருந்தார். பழக்க தோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு எழுத்தில்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இது உனக்கு" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் கேட்கவே இல்லையே, இந்தப் படம் எனக்குப் பிடிக்கும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே, எல்லோரிடமும் காட்டுவதற்காக உள்ளே ஓடினேன்.