அக்காவின் அளவுக்கு ஒரு சைக்கிள்

என் அக்கா கையில் எது போய்ச் சேர்ந்தாலும் கொஞ்சம் பிடிக்கப்பட்டோ, கொஞ்சம் தளர்த்தப்பட்டோதான் திரும்பி வரும். அவள் தையல்காரி. அதுவும் புதுத்துணி தைப்பவள் அல்ல. யாரோ தைத்ததைப் பிரித்து, குறைத்து, கூட்டிச் சரிசெய்கிறவள். பெரிய துணிக்கடை ஒன்றின் ஆல்டரேஷன் பிரிவுக்கு அவள்தான் தலைமை. தோள் சரியாக உட்காராத சட்டையை எங்கே பார்த்தாலும் அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் காலரைப் பின்னாலிருந்து நிமிர்த்திவிட்டாள். அந்த ஆள் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

ஆனால் தொழிலில் அவளிடம் ஒரு நாணயம் உண்டு. வெட்டி எடுத்த துண்டு விரல் அகலமே இருந்தாலும் அதைச் சின்னப் பையில் போடுவாள். அளவு, தேதி, உரியவர் யார் என்று ஒரு சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்பாள். உடுப்பைக் கொடுக்கும்போது அதையும் கொடுத்து, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வாள். முக்கால்வாசிப் பேர் வெளியே போனதும் அதைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

"போடட்டுமே. அது அவங்க இஷ்டம். அடுத்தவங்க பொருள் என்கிட்ட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள்.

நான் அவள் தங்கை, அவளோடு ஒரே வீட்டில் இருப்பவள். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். குற்றம் கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டதால் அக்காவைப் புகழ எனக்கு அவ்வளவாக வராது. நான் சொல்வதில் கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒரே மகள். நெட்டை என்று கூப்பிடுவோம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத கால் அவளுக்கு. படித்து வேலைக்குப் போனதும் அவள் முதலில் வாங்கியது ஒரு கிராவல் சைக்கிள். வளைந்த கைப்பிடி, தடித்த டயர், சரளைக்கல்லிலும் மண்பாதையிலும் ஓடுவதற்கென்றே செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் முகமெல்லாம் புழுதியோடு மத்தியானம்தான் வீடு திரும்புவாள்.

அப்புறம் வேறு ஊரில் வேலை கிடைத்தது. அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. வாய்த்தகராறு முற்றி, கிளம்புகிற அன்று நெட்டை வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"என் சட்டை, என் படிப்பு, என் சிநேகிதங்க, எல்லாத்தையும் உனக்குப் பிடிச்ச மாதிரி வெட்டித் தைச்ச. சைக்கிளையாவது என் அளவுல விட்டு வைம்மா."

அவள் போனதும் அக்கா சைக்கிளைத் துடைத்து, மகளின் அறைச் சுவரில் மாட்டினாள். ஒன்றரை வருஷம் அது அங்கேயே தொங்கியது. நெட்டையும் வரவில்லை. வாரம் ஒரு போன், அதில் பாதி நேரம் என்னோடுதான்.

இதற்கிடையில் துணிக்கடைக்காரர்கள் தையல் கூடத்தை ஏரிக்கு அப்பால் மேட்டுக்கு மாற்றினார்கள். பேருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். குறுக்குவழியாக ஏரிக்கரையில் ஒரு சரளைப் பாதை உண்டு, முடிகிற இடத்தில் செங்குத்தான ஏற்றம். ஒரு நாள் பேருந்து வரவே இல்லை. அக்கா திரும்பி வந்து, சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றாள்.

அந்த ஒரு நாள் எட்டு மாதம் ஓடியது. இருக்கையை மட்டும் இறக்கினாள். வீடு திரும்பியதும் மறுபடி பழைய உயரத்துக்கு ஏற்றிவைத்தாள். அதற்காக இருக்கையைத் தாங்கும் கம்பியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள், துணியில் போடுவது போலவே.

தகராறு செய்தது ஏற்றம்தான். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பல்சக்கரத்தில் நாற்பத்து நாலு பல். பல் கூடக்கூட மிதி கனக்கும்; அது நெட்டையின் காலுக்கானது. அக்கா மூன்றாவது மின்கம்பத்தில் இறங்கி, மீதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே நடப்பாள். முழங்கால் வீங்கியது. போதாக்குறைக்கு, அழுத்தி மிதித்தால் செயின் டக்கென்று நழுவியது. சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அவர் செயினில் ஒரு அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்து, "நீண்டு போச்சு" என்றார். அன்று அவர் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

புதுச் செயின் போட்டார். அது பழைய பல்லில் உட்கார மறுத்துத் துள்ளியது. பழைய செயினோடு சேர்ந்து பின்னால் இருந்த பல்சக்கர அடுக்கும் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதென்றால் ஏற்றத்துக்குத் தோதாகப் பெரிய பல்சக்கரம் உள்ள அடுக்காகவே போட்டுவிடலாம் என்றாள் அக்கா. போட்டால், செயினை அங்கும் இங்கும் தள்ளுகிற கியர் மாற்றிக்கு அந்த உயரம் எட்டவில்லை. அதையும் மாற்றி, செயினையும் நீளமானதாகப் போட வேண்டியதாயிற்று. கடைசியாக, முன்பல்சக்கரத்தையும் முப்பத்தாறு பல்லாகக் குறைத்தாள். பட்டன் தைக்கப் போனவள் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்த கதைதான்.

ஆனால் வேலையில் புலி. இரண்டாவது முறையிலிருந்து உம்மணாமூஞ்சியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தன் கையால்தான் மாட்டினாள். "இந்தம்மா கைக்கு வேலை தெரியுது" என்று அவரே ஒருநாள் வாய்திறந்து சொன்னார். கழற்றிய பழைய பாகங்கள் ஒன்றையும் அக்கா அங்கே விடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அச்சகத்துக்குப் போன் வந்தது. அக்கா மூச்சிரைத்துக்கொண்டு பேசினாள்.

"ஏய், இறங்கவே இல்லடி! மேல வரைக்கும் மிதிச்சே வந்துட்டேன்!"

நான் போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. பக்கத்து மேசைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். என் அக்கா மலையேறிவிட்டாள் என்றேன்.

அடுத்த வாரமே நெட்டை போன் செய்தாள். பத்து நாள் லீவில் வருகிறாளாம். அக்காவுக்கு முகமெல்லாம் பல். கடைசியில் அவள் கேட்டாள்.

"சைக்கிள் எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. அப்படியேதான் இருக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்தாள்.

"உண்மையைச் சொல்லிடேன்க்கா" என்றேன்.

"சொன்னா என்ன நினைப்பா? அவ கேட்டதே ஒண்ணே ஒண்ணுதான். அதையும் நான் வெட்டித் தைச்சுட்டேன்னு நினைப்பா. இந்தத் தடவை போனா திரும்பி வர மாட்டாடி."

அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தாள். நெட்டை வருகிற சனிக்கிழமை காலையில் சைக்கிளைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டு, புதுசையெல்லாம் கழற்றி, தேய்ந்துபோன பழசையெல்லாம் பழையபடி மாட்டினாள். நான் திருகாணிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு திட்டியபடியே எடுத்துக் கொடுத்தேன். அவசர அவசரமாக முடித்து, சுவரில் மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு அவள் நிமிரவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மறுநாள் காலை நெட்டை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"கரகரன்னு சத்தம் போடுதும்மா. நழுவவும் செய்யுது."

அக்கா சமையலறையை விட்டு வரவில்லை. நெட்டை சைக்கிளைக் கவிழ்த்து, குனிந்து பார்த்தாள். கியர் மாற்றியில் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு சின்ன நாக்கு இருக்கும். செயின் அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும். இதில் வெளிப்பக்கமாகப் போயிருந்தது. நான்கு பேரோடு பேசிக்கொண்டே, பார்க்காமல் ஊசியில் நூல் கோக்கிறவள் அந்த ஒரு நாக்கைத் தவறவிட்டிருந்தாள்.

"சித்தி, இந்தச் செயினை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க" என்றாள் நெட்டை. நான் அநியாயத்துக்குச் செய்தித்தாள் படித்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு மசகு.

அக்கா ஒன்றும் மறைக்கவில்லை. ஏற்றம், முழங்கால், நழுவிய செயின், மாற்றியது, மறுபடி மாற்றியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "உன் அளவுல விடச் சொன்ன. நான் விடலை. என் புத்தி அப்படி" என்றாள்.

நெட்டை கூடத்துக்கு வந்து, கவிழ்ந்து கிடந்த சைக்கிளை மறுபடி பார்த்தாள். அப்புறம், "புதுசெல்லாம் எங்கே?" என்றாள்.

அக்கா பீரோவிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். தடித்த காடாத்துணியில் அவளே தைத்தது, பாகத்துக்கு ஒரு அறை. கழற்றிய நாளிலிருந்து பழைய பாகங்களை அதில்தான் வைத்திருந்தாள். சனிக்கிழமை அவசரத்தில் பழசை எடுத்துவிட்டுப் புதுசை உள்ளே தள்ளியவள், ஒவ்வொரு அறையிலும் குத்தியிருந்த சீட்டை எடுக்க மறந்திருந்தாள். நெட்டை ஒன்றைக் கழற்றிப் படித்தாள்.

முன்பல்சக்கரம். நாற்பத்து நாலு பல். கழற்றிய தேதி. உரியவர்: என் மகள்.

அடுத்ததைப் படித்தாள். செயின். நூற்றுப் பத்துக் கண்ணி. உரியவர்: என் மகள்.

"அம்மா, இதெல்லாம் தேஞ்சு போனதும்மா. இதைத் தூக்கித்தான் போடுவாங்க. எதுக்கு வச்சிருந்த?"

"எப்படிடி போடுவேன்? உன் காலு பட்டுத் தேஞ்சது."

நெட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தலையைத் தடவப் போய், தடவலாமா கூடாதா என்று கையை நடுவில் நிறுத்தினாள். நெட்டைதான் அந்தக் கையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். காப்பி போடுகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். வீட்டில் காப்பித்தூள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானம் இரண்டு பேருமாகப் புதுப் பாகங்களை மறுபடி மாட்டினார்கள். செயின் கோக்கும்போது நெட்டை, "நாக்கு, நாக்கு" என்று கத்தினாள். "தெரியும்டி, வாயை மூடு" என்றாள் அக்கா. தெருவில் ஓட்டிப் பார்க்க அக்கா இருக்கையை இறக்கினாள். திரும்பி வந்து அதை ஏற்றப் போனவளை நெட்டை தடுத்தாள்.

"இறக்கியே வை. உன் அளவுலயே இருக்கட்டும்மா."

லீவு முடிந்து கிளம்பும்போது பெட்டி மூடவில்லை. காடாப் பைதான் காரணம், இரும்புக் கனம். "எடைக்குப் போட வேண்டியதைச் சுமந்துட்டுப் போறியே" என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. சீட்டுகள் ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் நீட்டினாள். இடம் போதாமல் இரண்டு சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

இரண்டுக்கும் தோள் சரியில்லை, எனக்கே தெரிகிறது. அக்கா அவற்றைத் துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருக்கிறாள். கத்திரிக்கோல் படவில்லை.